பரங்கிமலையா, பல்லாவரமா?
சென்னையில் ஒரு நாள் சுற்றிப் பார்க்க எங்கே இறங்கலாம்? மின்சார ரயிலில் பரங்கிமலையிலிருந்து நாலாவது நிறுத்தம் பல்லாவரம். பரங்கிமலையில் படியேறினால் போர்த்துக்கீசியர் கட்டிய தேவாலயம், பீடத்தில் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து பொறித்த கற்சிலுவை, மேலிருந்து பார்த்தால் விமான ஓடுபாதை. 1802-ல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் சங்கிலி பிடித்து இந்தியாவை அளக்கத் தொடங்கியதும் இந்த மலையடியில்தான். சரி, எல்லாருக்கும் தெரிந்த இடம்.

பல்லாவரம் அப்படியில்லை, தேட வேண்டும். மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் இன்று தர்கா. பச்சைப் பெயின்ட்டுக்குப் பின்னால் பல்லவர் தூண்கள். அப்புறம், 1863 மே 30 அன்று புவியியலாளர் (ஜியாலஜிஸ்ட்) ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே ஒரு சரளைக் குழியில் கண்டெடுத்த கைக்கோடரிதான் இந்தியாவின் பழைய கற்காலத்தையே உலகுக்குக் காட்டியது. காட்சிக்குப் பரங்கிமலை. ஒரு நாள்தான் கையில் இருந்தால் நான் பல்லாவரத்தில் இறங்குவேன், அதுவும் வெள்ளிக்கிழமை. பழைய சாமான் சந்தையும் அன்றைக்குத்தான்.