பிரட்டுக்களத்தில் சொல்வதா, கிழமைக்கு முன்பே சொல்வதா?

இன்றைக்கு எந்த மலை (தேயிலை நிற்கும் பகுதி), கொழுந்து பறிப்பதா புல்வெட்டா என்பது இலங்கை மலையகத்தின் பல தேயிலைத் தோட்டங்களில் காலைப் பிரட்டுக்களத்தில், அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தில்தான் தெரியவரும். மழையையும் தளிரையும் பார்த்து அந்த நேரத்தில் ஆள் பிரிப்பது நிர்வாகத்துக்கு வசதி. சிரமமெல்லாம் தொழிலாளிக்கு. கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) விட்டுவிட்டு வந்தவருக்குத் தூரத்து மலை விழுந்தால், இடையில் வந்து பால் கொடுத்துத் திரும்ப நேரம் கிடைக்காது.

முதல் நாள் பின்னேரம், பறித்த கொழுந்தைக் கடைசியாக நிறுக்கும்போது (நிறுவை) சொல்வது இரண்டாவது வழி. காசு செலவில்லை. படங்கா (கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் துணி) கத்தியா என்று எடுத்து வைக்கலாம். கிளினிக் நாளை மாற்ற அது போதாது.

கிழமைப் பட்டியல், அதாவது ஒரு வாரத்து வேலையை முன்கூட்டியே அறிவிப்பது, மூன்றாவது. “தேயிலைக்கு நாள் குறிக்க முடியாது” என்பார்கள். பாதிதான் உண்மை. ஏழு நாள் ரவுண்டில் (ஒரே மலையில் ஒரு பறிப்புக்கும் அடுத்த பறிப்புக்கும் உள்ள இடைவெளி) இந்தச் செவ்வாய் எடுத்த மலை அடுத்த செவ்வாய் திரும்பவும் வரும்; கணக்கப்பிள்ளையின் கொப்பியில் அது ஏற்கெனவே இருக்கிறது, வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். மருந்தடிப்பு, கவ்வாத்து (செடியை வெட்டிவிடுதல்), உரம் போடுவதும் திட்டமிட்டே நடப்பவை. சிக்கல் வருவது கொழுந்து குவியும் காலத்தில். ரவுண்டு ஐந்தாறு நாளாகச் சுருங்கும். பிந்தினால் தளிர் முற்றிவிடும். வறட்சியில் ரவுண்டு நீளும்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலச் சட்டம் வேலைப் பட்டியலை 14 நாள் முன்பே தரக் கேட்கிறது. 2017இல் நிறைவேறியபோது ஏழு நாள். 2020 ஜூலையில் இரட்டிப்பானது. அது 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சில்லறைக் கடை, விருந்தோம்பல், உணவுத் துறை நிறுவனங்களுக்கு மட்டும். பிந்தி வேலை நேரத்தைக் குறைத்தால், குறைந்த மணிகளுக்குப் பாதிச் சம்பளம். நுவரெலியா ஹோட்டலுக்கும் ஹட்டன் கடைக்கும் இது பொருந்தும், தளிருக்குப் பொருந்தாது. ஆனால் அந்தப் பாதிச் சம்பளத்தை இங்கே கொண்டுவரலாம். அறிவித்த வேலைக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பினால் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட வேண்டும். அந்தச் செலவு இல்லாவிட்டால் எந்தப் பட்டியலும் சுவரில் ஒட்டிய தாள்தான்.

ஆகவே தோட்டத்துக்கு மூன்றாவதையும் இரண்டாவதையும் சேர்ப்பதே சரி. சனிக்கிழமை நிறுவையில் ஆறு நாளுக்கான மலை நம்பரையும் வேலையையும் வாசித்து, தாளை ஒட்டுங்கள். மாற்றம் இருந்தால் முதல் நாள் பின்னேரத்துக்குள் சொல்ல வேண்டும். அதற்குப் பிந்தியது மழைக்காக மட்டும். ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) இரவு வேலைக்கும் இதே முறைதான், ஆனால் கொழுந்து குறைந்த நாளில் யார் வர வேண்டாம் என்ற வரிசையையும் முன்பே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் ஒரே ஆள்தான் ஒவ்வொரு முறையும் வீட்டுக்குப் போவார். தாளில் இன்னும் இரண்டு கட்டம் வேண்டும்: மாற்றியவர் யார், எத்தனை மணிக்கு. அரைப்பேர்த் தகராறு வந்தால் முதலில் பார்ப்பது அந்த இரண்டையும்தான்.