பொலோன்யாவில் ஒரே வீடு, பகலில் ரயில்: முதல் இத்தாலிப் பயணத்துக்கு எப்படி?

எங்கள் வீட்டில் பெட்டி கட்டுவது நான், பிரிப்பதும் நான். அதனால் "ரோம், ஃபிளாரன்ஸ், மிலான், வெனிஸ், ஊருக்கு ரெண்டு நாள்" என்று வீட்டுக்காரர் போட்டு வைத்திருந்த அட்டவணைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவள், எதையும் வரவு செலவாகத்தான் பார்க்க வரும். இத்தாலியில் பத்து, பத்தரைக்கெல்லாம் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊரில் சாவி கைக்கு வர மதியம் இரண்டு, மூன்று ஆகிவிடும். நடுவில் பெட்டியோடு நிற்கும் நேரம் அத்தனையும் செலவுக் கணக்கில்தான் வரும். நான்கு ஊர் என்றால் மூன்று நாள் இப்படியே போகும். கூட வருவது மூட்டு வலிக்காரரான என் மாமியார். சுத்த சைவம் வேறு.

ஆகவே பொலோன்யாவில் சமையலறையோடு ஒரு வீடு, அங்கிருந்து பக்கத்து ஊர்களுக்கு ரயிலில் போய்வருவது, கடைசியில் வெனிஸில் தங்கிவிட்டுத் திரும்புவது என்று ஏற்பாடு. வரித் தாக்கல் வேலை எல்லாம் ஓய்ந்து நவம்பரில்தான் எனக்கு லீவு. இந்த ஏற்பாடு எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பொலோன்யா ஏன்? வடக்கே வெனிஸ், வெரோனா, தெற்கே ஃபிளாரன்ஸ், மேற்கே மொடெனா, பார்மா, கிழக்கே ராவென்னா என்று எல்லாத் தடமும் அங்கே வந்து சேர்கிறது. ஃபிளாரன்ஸ் அதிவேக ரயிலில் நாற்பது நிமிடத்துக்குள், வெனிஸ் ஒன்றரை மணி, மொடெனா சாதாரண ரயிலிலேயே அரை மணி. துபாயிலிருந்து எமிரேட்ஸ் நேராக இங்கே இறங்குகிறது. விமான நிலையத்திலிருந்து ஸ்டேஷனுக்கு மோனோரயிலில் ஏழெட்டு நிமிடம்.

ரயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பே அதுதான். இரண்டு வகை. ஃப்ரெச்சாரோஸா, இத்தாலோ போன்ற அதிவேக ரயில்களில் விமான டிக்கெட் மாதிரி விலை ஏறும், முன்கூட்டி எடுத்தால் மலிவு, ஆனால் அந்த மலிவு டிக்கெட்டை மாற்ற விடமாட்டார்கள். 'ரெஜியோனாலே' எனப்படும் வட்டார ரயிலுக்கு இன்று எடுத்தாலும் ஒரு மாதம் முன்னால் எடுத்தாலும் ஒரே விலை, இருக்கை எண் கிடையாது. காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்து, மூடுபனி எப்படி என்று பார்த்துவிட்டு, அத்தையின் முழங்காலைக் கேட்டுவிட்டுப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். போய்வரும் பயணத்துக்கு இதைவிட வசதி எதுவும் இல்லை. ஆகவே வட்டார ரயிலில் போகக்கூடிய ஊர்களையே அதிகம் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் பிளாட்ஃபாரத்தில் இருக்கும் மெஷினில் செருகி முத்திரை குத்த வேண்டும். ஆப்பில் எடுத்தால் ஏறுமுன் செக்-இன் அழுத்த வேண்டும். இல்லையென்றால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்தான்.

பொலோன்யா ஸ்டேஷன் பெரிசு. அதிவேக ரயில்கள் பெரும்பாலும் பூமிக்குள் இருக்கும் 16 முதல் 19 வரையான தடங்களில் நிற்கும். எஸ்கலேட்டர் மேல் எஸ்கலேட்டராக இறங்கிக்கொண்டே இருக்கிறோம். வயதானவர்களோடு போனால் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். மேலே வெறும் ஒன்றாம் நம்பர் பிளாட்ஃபாரம் ஒரு பக்கம், 'ஒன்று மேற்கு' என்பது அதிலிருந்து நன்றாகத் தள்ளி இன்னொரு பக்கம். போர்டில் எண்ணுக்குப் பின்னால் 'ஓவெஸ்ட்' என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நடக்கவும். வெளிச் சுவரில் ஒரு கடிகாரம் 10:25-லேயே நிற்கும். அது பழுதில்லை. 1980 ஆகஸ்ட் 2 அன்று காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்த நேரம். ஒவ்வொரு தடவையும் அதைக் கடந்துதான் ரயிலேறினோம்.

சரி, எந்த ஊருக்குப் போய்வரலாம், எங்கே தங்க வேண்டும்? எல்லாரும் தூரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். நான் சாயங்காலத்தை வைத்துப் போட்டேன். ஓர் ஊரின் முக்கியமான சங்கதி பகலில் திறந்து மாலையில் பூட்டப்படுகிறதா? போய்வந்தால் போதும். பகல் கூட்டம் கிளம்பின பிறகுதான் அந்த ஊரே ஊராகிறதா? அங்கே ராத்தங்க வேண்டும், இல்லையா, இந்தத் தடவை விட்டுவிட வேண்டும். நவம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் அங்கே இருட்டிவிடுகிறது, அதனால் இந்தக் கணக்கு இன்னும் கறார்.

ராவென்னா முதல் வகை. வட்டார ரயிலில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி. பார்க்க வேண்டியது 5, 6-ஆம் நூற்றாண்டு மொசைக்குகள், அதாவது சின்னச் சின்னத் துண்டுகளைப் பதித்துச் செய்த படங்கள். ஸ்டேஷனிலிருந்து எல்லாமே நடக்கும் தூரம், தரையும் சமதளம். காலா பிளாசிடியா கல்லறை மண்டபம் என்பது வெளியே பார்த்தால் வெறும் செங்கல் கொட்டகை. நேரம் பதிவு செய்துதான் உள்ளே விடுகிறார்கள், அதுவும் சில நிமிடங்கள்தான். நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் வெளிச்சம் கசியும் மெல்லிய அலபாஸ்டர் கல் பலகை, வெளிச்சம் தேன் நிறத்தில்தான் இறங்குகிறது. கண் பழகப் பழக மேலே கருநீலம், அதில் வட்டம் வட்டமாகப் பொன் நட்சத்திரங்கள். பக்கத்திலேயே 547-இல் திறக்கப்பட்ட சான் விட்டாலே தேவாலயம். பேரரசர் ஜஸ்டினியனும் அரசி தியோடோராவும் எதிரெதிர்ச் சுவரில் பரிவாரத்தோடு நிற்கிறார்கள். தியோடோராவின் கழுத்து நகையைப் பார்த்துவிட்டு அத்தை, "இத்தனையும் சின்னச் சின்னக் கல்லாங்கண்ணு?" என்று கிட்டே போய்விட்டார். 1321-இல் இறந்த கவிஞர் தாந்தேயின் சமாதியும் இங்கேதான். அவரை நாடு கடத்தின ஃபிளாரன்ஸ் நகரமே அங்கே எரியும் விளக்குக்கு வருஷா வருஷம் எண்ணெய் கொடுக்கிறது. "துரத்தி விட்டவங்களே எண்ணெய் ஊத்தறாங்களா, நல்லா இருக்குதே" என்றார் அத்தை. மூன்றரை மணி ரயிலைப் பிடித்துத் திரும்பிவிட்டோம். எதையும் தவறவிட்டதாகத் தோன்றவில்லை.

மொடெனாவும் அப்படித்தான். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள தேவாலயம், 1931-இல் திறந்த அல்பினெல்லி மார்க்கெட், பால்சாமிக் வினிகர். அசல் 'ட்ரதிட்சியொனாலே' குறைந்தது பன்னிரண்டு வருஷம் பீப்பாயில் இருந்தது, 100 மில்லி குண்டு பாட்டிலில் மட்டும்தான் வரும். சூப்பர் மார்க்கெட்டில் நாலு யூரோவுக்குக் கிடைப்பது வேறு சரக்கு. கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் ஒரு சொட்டு தந்தார். நான் வாங்கினேன். விலையை இங்கே எழுதினால் வீட்டுக்காரர் படித்துவிடுவார்.

ஃபிளாரன்ஸில் சண்டை வந்தது. ரயில் கணக்கில் அது மொடெனா அளவுக்குப் பக்கம்தான், ஆனால் ஒரு நாளில் உஃபிட்சி, அக்கதேமியா கலைக்கூடங்கள், 463 படி ஏறும் தேவாலயக் குவிமாடம் எல்லாம் என்றால் ஓட்டப்பந்தயம். கடைசியில் உஃபிட்சி மட்டும், நேரம் பதிவு செய்து, நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். திங்கட்கிழமை அது மூடல், கவனம். ஒரே ஒரு விஷயத்துக்காகப் போகிறீர்கள் என்றால் ஃபிளாரன்ஸ் போய்வரும் ஊர். ஊரையே பார்க்க வேண்டும் என்றால் இல்லை. சியெனாவையும், சிங்குவே தெர்ரே என்ற கடலோரக் கிராமங்களையும் நான் அட்டவணையிலேயே வைக்கவில்லை. இரண்டும் சாயங்கால ஊர்கள். சிங்குவே தெர்ரேயின் கொர்னிலியா கிராமத்துக்கு ஸ்டேஷனிலிருந்து ஏற 382 படி இருக்கிறது என்று சொன்னதும் அத்தை என் கட்சிக்கு வந்துவிட்டார்.

ரயிலே ஏறாத நாட்களைப் பற்றி இப்போது. ஒரு நாள் வெளியூர், அடுத்த நாள் உள்ளூர் என்றுதான் வைத்திருந்தேன். முதலில் வீட்டுக்காரர் முனகினார். பொலோன்யாவில் நடைபாதை எல்லாம் தூண் வைத்த தாழ்வாரங்கள், நகரம் முழுக்கச் சேர்த்தால் 62 கிலோமீட்டர். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். நவம்பர் மழையில் குடையை மடக்கிவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நடக்கலாம். மலை மேல் இருக்கும் சான் லூக்கா கோயிலுக்கு 666 வளைவுகளோடு தாழ்வாரமே ஏறிப் போகிறது. நடக்க முடியாதவர்களுக்கு மாஜொரே சதுக்கத்திலிருந்து குட்டி ரயில் மாதிரி ஒரு வண்டி உண்டு. அத்தை வண்டியில், நாங்கள் நடை.

அந்தச் சதுக்கத்திலேயே சான் பெத்ரோனியோ தேவாலயம். தரையில் 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு பித்தளைக் கோடு, 1655-இல் வானியலாளர் காஸ்ஸினி போட்டது. மேல் விதானத்தில் இருக்கும் துளை வழியாக விழும் வெயில் உச்சிப் பொழுதில் அந்தக் கோட்டைத் தாண்டும். ஒரு நாள் பனி மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. வேறு ஊர் வேறு ரயில் என்று ஓடுகிறவர்களாக இருந்தால் அத்தோடு சரி. நாங்கள் மறுபடி போனோம். பன்னிரண்டுக்குச் சில நிமிடம் முன்னால் நீள்வட்டமாக ஒரு வெளிச்சத் துண்டு பளிங்கின் மேல் ஊர்ந்து வந்தது. கண் முன்னாலேயே நகர்கிறது, விளிம்பு லேசாக நடுங்குகிறது. கோட்டின் ஓரத்தில் ராசிகள் வரிசையாக இருக்கின்றன. வெளிச்சம் விழுந்தது விருச்சிகப் பக்கம். அத்தை விடவில்லை: "இது ஐப்பசி. சூரியன் துலாத்துல இல்ல இருக்கணும்?" அவர்கள் ராசியை வசந்த விஷுவப் புள்ளியிலிருந்து, அதாவது மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும்போது சூரியன் நிற்கும் இடத்திலிருந்து எண்ணுகிறார்கள், நாம் நட்சத்திரத்தை வைத்து எண்ணுகிறோம், இரண்டுக்கும் இப்போது 24 பாகை வித்தியாசம் என்று வீட்டுக்காரர் செல்போனில் தேடிச் சொன்னார். "அப்ப நம்ம கணக்குதான் சரி" என்று அத்தை தீர்ப்பு எழுதிவிட்டார்.

சாப்பாடு. பொலோன்யா கறிக்குப் பேர்போன ஊர், சைவர்கள் திண்டாடுவார்கள் என்று பயமுறுத்தினார்கள். அவ்வளவு மோசமில்லை, ஆனால் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். பூரணம் வைத்த பாஸ்தாவில் சின்ன தொர்தெல்லீனிக்குள் பன்றிக்கறி, பெரிய தொர்தெல்லோனிக்குள் பெரும்பாலும் ரிக்கோட்டா என்ற மென்மையான பாலாடைக்கட்டியும் கீரையும். பியாதீனா ரொட்டி பார்க்க நம் சப்பாத்தி, ஆனால் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். "சென்ஸா ஸ்த்ருத்தோ?" என்று கேட்டு, ஆலிவ் எண்ணெயில் செய்ததை வாங்குங்கள். பார்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால்தான் உறைய வைக்கிறார்கள். அத்தைக்கு அது ஆகாது, எனக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதனால்தான் சமையலறை உள்ள வீடு. 'எர்பே' மார்க்கெட்டில் தக்காளி, பச்சைப் பயறு மாதிரி ஒன்று, எலுமிச்சை வாங்கி வந்து, கொண்டுபோன பொடியில் ரசம் வைத்தோம். அங்கே காய்கறியைக் கையால் தொடக்கூடாது, கடைக்காரர்தான் எடுத்துத் தருவார். தக்காளியை அமுக்கிப் பார்க்காமல் வாங்குவது அத்தையின் எழுபது வருஷப் பழக்கத்துக்கு விரோதம். இருவரும் தினமும் முறைத்துக்கொண்டார்கள். போகப் போகக் கடைக்காரரே ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, அத்தை தலையாட்டினால் பையில் போட்டார்.

வெனிஸை மட்டும் போய்வரும் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒன்றரை மணி நேரம்தானே என்று தோன்றும். பத்து மணிக்கு எல்லாரோடும் இறங்கி, ஐந்து மணிக்கு எல்லாரோடும் ஏறுவது அந்த ஊருக்கு அநியாயம். 2024 முதல், வசந்தத்திலும் கோடையிலும் குறிப்பிட்ட சில நாட்களில் பகல் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் வேறு இருக்கிறது. ஊருக்குள் ராத்தங்குபவர்களுக்கு அது கிடையாது, பதிவு மட்டும் செய்ய வேண்டும். படகு நிறுத்தத்துக்குப் பக்கத்தில், நடுவில் பாலமே இல்லாத இடமாகப் பார்த்து அறை எடுங்கள். ஒவ்வொரு பாலமும் படிக்கட்டு. வாப்பொரெத்தோ எனப்படும் பொதுப் படகுக்கு 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, ஆகவே நாள் டிக்கெட் லாபமா என்று முதலிலேயே கணக்குப் பாருங்கள்.

யாருக்கு இது ஒத்துவராது? ரோமில் கொலோசியம் முன்னால் போட்டோ இல்லாமல் ஊர் திரும்ப முடியாதவர்களுக்கு. எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் இன்னும் "ரோம் போகாம என்ன இத்தாலி?" என்கிறார்கள். ரோமுக்குத் தனியாக ஒரு பயணம் வேண்டும், அதற்கும் இதே மாதிரி ஒரே வீடுதான் எடுப்பேன். கையில் ஒரு பையோடு சுற்றும் இருபத்தைந்து வயசுக்காரர்களும் ஊர் ஊராகப் போகட்டும், அவர்களுக்குப் பெட்டி ஒரு பாரமில்லை.

போக முடிவு செய்தால் இரண்டு வேலை. கிளம்பும் வாரத்தில் 'ஷோப்பெரோ', அதாவது ரயில் வேலைநிறுத்தம், அறிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள். வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை வட்டார ரயில்களில் குறிப்பிட்டவை கட்டாயம் ஓடும், போய்வருவதை அதற்குள் அமைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, வீடு பதிவு செய்யும் முன் பொலோன்யா பொருட்காட்சி மைதானத்தின் நாட்காட்டி. மார்ச்சில் காஸ்மோப்ரோஃப் என்ற அழகுசாதனக் கண்காட்சி, வசந்தத்தில் குழந்தைப் புத்தகக் கண்காட்சி, இரட்டைப்படை வருஷ நவம்பரில் விவசாய இயந்திரக் கண்காட்சி. அந்த வாரங்களில் அதே வீட்டுக்கு வாடகை தாறுமாறாக ஏறிவிடும்.