டிஐ-99/4ஏ: ஒன்பது வருடப் பழக்கத்துக்குப் பிறகு

டெக்சாஸில் இருந்தபோது பழைய பொருள் சந்தையில் வாங்கிய டிஐ-99/4ஏ என்ற எண்பதுகளின் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்பது வருடமாக என் மேசையில் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். கறுப்பும் வெள்ளியுமான முகப்பு. கீபோர்டுக்கு வலப்பக்கம் மென்பொருள் அடங்கிய சின்னப் பெட்டியான கார்ட்ரிட்ஜைச் சொருகினால் மேலும் கீழும் வண்ணப் பட்டைகளோடு திரை வரும். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் 'பார்செக்' விளையாட்டை ஆட ஆரம்பித்தால் எழுந்திருக்க மனசு வராது. இந்த இயந்திரம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதனால்தான் அன்றைக்கு இதை வாங்கியவர்களை, இதைச் செய்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) கம்பெனி நடத்திய விதம் உறுத்துகிறது.

1981இல் இதன் விலை 525 டாலர். போட்டிக்கு நின்ற மெஷின்களில் 8 பிட் ப்ராசஸர், இதில் 16 பிட். ஆனால் அந்த ப்ராசஸர் நேராகத் தொடக்கூடிய ரேம், அதாவது வேலை நினைவகம், வெறும் 256 பைட். மிச்சமுள்ள 16 கிலோபைட்டும் வீடியோ சிப்பின் கையில். ஒவ்வொரு பைட்டாகக் கேட்டு வாங்க வேண்டும். நினைவகத்துக்குள் எட்டிப் பார்க்கும் பீக், அதில் எழுதும் போக் ஆகிய கட்டளைகள் இதன் பேசிக் நிரல்மொழியில் கிடையாது. அது வேண்டுமென்றால் 'மினி மெமரி' போன்ற கார்ட்ரிட்ஜைத் தனியாக வாங்கியாக வேண்டும். காசு கொடுத்து வாங்கியவனுக்கே உள்ளே அனுமதி இல்லை.

வெளியார் மென்பொருள் விஷயம் இன்னும் மோசம். கம்பெனியின் கார்ட்ரிட்ஜ்களில் ஜிரோம் என்ற அவர்களுடைய சொந்த சிப் இருக்கும். மற்றவர்கள் அது இல்லாமல், சாதாரண ரோம் (படிக்க மட்டுமான நினைவக) சிப் மட்டும் வைத்து விளையாட்டு போட்டார்கள். அட்டாரிசாஃப்ட் கொண்டுவந்த 'டாங்கி காங்' அப்படி வந்ததுதான். 1983இல், கடைசிக் கட்டத்தில் வந்த பழுப்பு நிறக் கன்சோல்கள் பலவற்றில் உள் மென்பொருளை மாற்றினார்கள். முகப்புத் திரையில் வி2.2 என்று இருக்கும். அது ஜிரோமை மட்டும்தான் தேடும். ரோம் மட்டும் உள்ள கார்ட்ரிட்ஜ் கண்ணிலேயே படாது. கடையில் ஆசையாக வாங்கிவந்த விளையாட்டு வீட்டில் ஓடாது. பெட்டியின் மேல் அதே டிஐ-99/4ஏ என்ற பெயர்தான். வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

இதற்கிடையே போட்டிக் கம்ப்யூட்டர் கம்பெனியான கமடோருடன் விலைப்போர். 1983இல் விலை 99 டாலருக்கு வந்தது. அக்டோபர் 28 அன்று வீட்டுக் கம்ப்யூட்டர் தொழிலையே விடுகிறோம் என்று அறிவித்தார்கள். அப்புறம் 49 டாலருக்குக்கூடக் கடைகளில் தள்ளிவிட்டார்கள். 525 கொடுத்தவரின் வயிற்றெரிச்சலை யோசித்துப் பாருங்கள். நஷ்டம் வந்தால் கடையை மூடுவார்கள், சரி, அதை மன்னித்துவிடலாம். வாடிக்கையாளர் வேறு யாரிடமும் வாங்கிவிடக் கூடாது என்று கதவடைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

கைவிடப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. பயனர் சங்கங்கள் கூடி மென்பொருளைப் பகிர்ந்துகொண்டன. சிகாகோவில் வருடாவருடம் டிஐ கண்காட்சி நடத்தினார்கள். 1987இல் மையார்க் என்ற சின்ன கம்பெனி ஜெனீவ் 9640 என்று ஒரு முழுக் கம்ப்யூட்டரையே கார்டாகச் செய்து விற்றது. டிஐ-யின் விரிவாக்கப் பெட்டியிலேயே சொருகிக்கொள்ளலாம்.

வி2.2 கன்சோல் ஒன்றையும் பிறகு வாங்கி வைத்தேன். ஃபைனல்ஜிரோம் 99 என்று ஆர்வலர் ஒருவர் உருவாக்கிய கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. ஜிரோம் சிப் போலவே நடந்துகொள்ளும். அதைச் சொருகிய அன்று, அந்தப் பழுப்புப் பெட்டியின் திரையில் விளையாட்டுகள் வரிசையாக வந்து நின்றன.