மகளுக்கு எடுத்த உளவியல் மதிப்பீடு: ஒரே மதிப்பெண் தாள், இரண்டு அறிக்கைகள்

கிரகணம் ஏன் மாதாமாதம் வருவதில்லை என்று கேட்டால், நிலாவின் பாதை 5 டிகிரி சாய்ந்திருப்பதில் தொடங்கிக் கையை ஆட்டி ஆட்டி விளக்குவாள் எங்கள் மகள். அதையே எழுதச் சொன்னால் நாலு வரி வரும், வரிக்கு வரி பிழை இருக்கும். பள்ளியில் எந்த ஆசிரியர் மாறி வந்தாலும் புகார் மட்டும் மாறாது: "புத்திசாலிப் பொண்ணு, கொஞ்சம் அக்கறை எடுத்தா போதும்."

இவளுக்காக இரண்டு இடங்களில் உளவியல் மதிப்பீடு எடுத்தோம். நான் எழுத வந்தது இரண்டாவது இடத்தைப் பற்றி. ஆனால் முதல் இடத்தில் நடந்ததைச் சொல்லாமல் அதன் அருமை புரியாது.

முதல் இடத்தில் வைத்தது குழந்தைகளுக்கான வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனை. 1949இல் முதன்முதலாக வந்தது, இப்போது பரவலாகப் பயன்படுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு, 6 முதல் 16 வயது வரைக்கும் பொருந்தும். சோதனை நடத்தியதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அமைதியான அறை, நிதானமான பெண்மணி, நடுவில் இடைவேளை. அறிக்கைதான் நெஞ்சை எரித்தது. மொத்த நுண்ணறிவு எண் 114, சராசரிக்கு மேல், கற்றல் குறைபாடு இல்லை, முயற்சி போதாது, ஊக்கப்படுத்தவும். அவ்வளவுதான்.

நான் கணக்குத் தணிக்கை வேலையில் இருப்பவள். மொத்தத் தொகை மட்டும் போட்ட தாளில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. பகுதிவாரி மதிப்பெண்களைக் கேட்டேன். "அது பெற்றோருக்குக் குழப்பமா இருக்கும்" என்றார்கள். குழப்பம் என்னோடு இருக்கட்டும், தாளைக் கொடுங்கள் என்று விடாப்பிடியாகக் கேட்டுத்தான் வாங்கினேன்.

அந்தத் தாளோடுதான் இரண்டாவது இடத்துக்குப் போனோம். அங்கிருந்த உளவியலாளர் முதலில் கேட்டது, கண் பார்வையும் காது கேட்கும் திறனும் பரிசோதித்தாயிற்றா என்று. பிறகு தாளைப் பார்த்தவர், "நுண்ணறிவுச் சோதனையை நான் திரும்ப வைக்க மாட்டேன். இவ்வளவு சீக்கிரம் மறுபடி வச்சா, பழகின பழக்கத்துலயே மார்க் ஏறிடும். எனக்கு வேண்டியது எல்லாம் இதுலயே இருக்கு" என்றார். எல்லாவற்றையும் முதலிலிருந்து வைத்து அதற்கும் சேர்த்துக் கட்டணம் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்.

எண்களைச் சொல்கிறேன். இந்தச் சோதனையில் சராசரி 100. மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். எங்கள் மகளுக்கு மொழிவழிப் புரிதல் 133, புதிய சிக்கலைத் தர்க்கத்தால் அவிழ்க்கும் திறன் 126, செயல் நினைவாற்றல், அதாவது கேட்டதை மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்யும் திறன், 91, செயல் வேகம் 75. சொல்லிலும் பொருளிலும் நூறு பேரில் முதல் இரண்டு பேருக்குள், வேகத்தில் கடைசி ஐந்து பேருக்குள். நடுவில் 58 புள்ளி இடைவெளி. இதையெல்லாம் ஒன்றாகக் கலந்து 114 என்று எழுதினால் அது யாருடைய எண்? நிச்சயமாக என் மகளுடையது இல்லை. உயரமும் பள்ளமும் ஒன்றையொன்று மூடிக்கொள்வதால் மீத்திறனும், அதாவது வயதை மிஞ்சிய திறமையும், வெளியே தெரியாமல் போகிறது, குறைபாடும் தெரியாமல் போகிறது. இரண்டும் சேர்ந்திருக்கும் குழந்தைகளுக்கு நேரும் அநியாயம் இதுதான்.

"75 என்பது மூளை மந்தம்னு அர்த்தம் இல்லை. ஏன் 75னு கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை" என்றார். வேகத்தை அளக்கும் ஒரு பகுதியில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறி இருக்கும். கட்டம் கட்டமாக அந்தக் குறிகளை 2 நிமிடத்துக்குள் பென்சிலால் நிரப்ப வேண்டும். ஆக, அங்கே அளக்கப்படுவது யோசனை மட்டும் இல்லை. கண், விரல், பென்சில் பிடிக்கும் விதம், பதற்றம், அச்சுப் போல் வரைந்தாக வேண்டும் என்ற பிடிவாதம் எல்லாம் அதில் கலந்திருக்கும். அதனால் இவர் பென்சிலே இல்லாமல் சிலவற்றை வைத்தார். படங்களின் பெயரைக் கடகடவென்று சொல்ல வேண்டும். சொன்னாள். எழுத்துகளின் பெயரைச் சொல்ல வேண்டும். தடுமாறினாள். ஒரு பத்தியைப் பார்த்து எழுதும்போதோ ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு மூன்று முறை தலை நிமிர்ந்தது. பென்சிலை அழுத்திய அழுத்தில் அடுத்த பக்கத்தில் தடம் விழுந்திருந்தது. அதைத் தடவிப் பார்த்து அவர் குறித்துக்கொண்டார். அறை மூலையில் உட்கார்ந்திருந்த எனக்கு, இத்தனை வருடம் வீட்டுப்பாட நேரத்தில் அவள் கை வலிக்கிறது என்று சொன்னதெல்லாம் சாக்கு இல்லை என்பது கண்ணெதிரே தெரிந்தது.

அடுத்து வைத்தது அர்த்தமே இல்லாத சொற்களைப் படிக்கும் சோதனை. சோதனையில் இருப்பதை வெளியே சொல்லக் கூடாது என்பதால் நானே ஒன்றை இட்டுக்கட்டுகிறேன்: 'கமடு' என்று இருந்தால் அவள் 'கடமை' என்று படித்தாள். எழுத்தைக் கூட்டவில்லை, தெரிந்த சொல்லாக ஊகித்தாள். கதைப் புத்தகத்தில் இது யாருக்கும் தெரியாது. முன்பின் வரிகளை வைத்து ஊகித்துவிடும் அளவுக்கு அவளிடம் சொல்வளம் இருக்கிறது. அதனால்தான் வாசிப்பு மதிப்பெண் 98 என்று சராசரியாக நிற்கிறது. அர்த்தமில்லாத சொற்களில் 82, எழுத்துக்கூட்டி எழுதுவதில் 78. வகுப்பில் "பரவாயில்லை" என்று நிற்க இந்தக் குழந்தை எவ்வளவு பாடுபட்டிருக்கிறாள் என்று அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

நினைவாற்றலையும் வேகத்தையும் விட்டுவிட்டுக் கணக்கிடும் பொதுத்திறன் எண்ணையும் போட்டுக் காட்டினார்: 128. உடனே எச்சரிக்கவும் செய்தார். இது 75ஐ மறைக்கப் போடும் எண் இல்லை, இரண்டும் அறிக்கையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். அமெரிக்காவின் மீத்திறன் குழந்தைகளுக்கான தேசியச் சங்கமும் 2018இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், இப்படிப்பட்ட குழந்தைகளைச் சிறப்பு வகுப்புகளுக்குத் தேர்ந்தெடுக்க மொத்த எண்ணைக் கட்டாயமாக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. மொத்த எண்ணை மட்டும் கேட்கும் பள்ளியிடம் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது, முடிவை எங்களிடம் சொல்வதற்கு முன் அவளிடம் சொன்னது. "உன் தலை ஓடுற வேகத்துக்கு உன் கை ஈடுகொடுக்கல கண்ணு. எழுத்தைப் பிரிச்சுப் படிக்க உனக்கு வேற மாதிரி சொல்லித் தரணும். அது உன் தப்பில்ல." அவள் கேட்ட ஒரே கேள்வி: "அப்போ பரீட்சையில வாயால பதில் சொல்லலாமா ஆன்ட்டி?"

குறைகளும் உண்டு. அறிக்கை சொன்ன தேதிக்கு வரவில்லை. அது வருவதற்குள் ஒரு பரீட்சை முடிந்துவிட்டது, அந்தப் பரீட்சையை அவள் கூடுதல் நேரம் இல்லாமல்தான் எழுதினாள். அறிக்கை தடிமனாக இருக்கிறது, நடை பெற்றோருக்கானதாக இல்லை. வகுப்பாசிரியர் கையில் கொடுக்க ஒரே பக்கத்தில் ஒரு சுருக்கம் வேண்டும். அதை நான் கேட்டுத்தான் எழுதிக் கொடுத்தார்கள். ஆசிரியரிடம் படிவம் நிரப்பி வாங்கினார்களே தவிர நேரில் பேசவில்லை. இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்பவர்கள் அதையும் செய்ய வேண்டும்.

பரிந்துரைகள் நன்றாக இருந்தன. கூடுதல் நேரம், தட்டச்சு செய்ய அனுமதி, எழுத்தொலி சார்ந்த வாசிப்புப் பயிற்சி, எழுதுவது போன்ற அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளரின் ஆலோசனை. கூடவே இன்னொன்று: கணிதத்தில் எளிய கணக்கு பத்துக்குப் பதில் கடினமான கணக்கு இரண்டு கொடுங்கள் என்று. குறைபாட்டுக்கு மருந்து சொல்லிவிட்டுத் திறமையைப் பட்டினி போடும் அறிக்கைகளைத் தோழிகள் வீட்டில் பார்த்திருக்கிறேன். இதில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

போக நினைப்பவர்கள் முன்பதிவு செய்யும்போதே சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். பகுதிவாரி மதிப்பெண்கள் கையில் தருவார்களா, நுண்ணறிவுச் சோதனையோடு வாசிப்பும் எழுத்தும் கணக்கும் தனியாக அளப்பார்களா, குழந்தை வீட்டில் பேசும் மொழியில் வைப்பார்களா. மொழி மாறினால் மொழிவழி மதிப்பெண் குறைந்து காட்டும். மாதிரிக் கேள்விகள் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பக்கத்தில் போகாதீர்கள், பழக்கிவிட்டு எடுத்த மதிப்பெண்ணால் யாருக்கும் பயனில்லை. பழைய நோட்டுகளைக் கட்டாயம் எடுத்துப் போங்கள், அழகாக மறுபடி எழுதியதை அல்ல, அவசரத்தில் கிறுக்கிய வகுப்பு நோட்டை. எங்கள் உளவியலாளர் அதிக நேரம் புரட்டிக்கொண்டிருந்தது அதைத்தான்.