மண்ணின் செடியா, மளமளவெனப் பரவும் செடியா?

வேலியோரம் வெறுமையாகக் கிடக்கிறது, சீக்கிரம் பச்சை வேண்டும். அயலிலிருந்து வந்து பரவிய உண்ணிச்செடியா (லண்டானா), உங்கள் மண்ணுக்கே உரிய புதர்ச்செடியா?

செலவு
உண்ணி: கொப்பை ஒடித்து நட்டால் போதும். களையெடுக்கும் செலவு பின்னால் வரும்.
மண்ணின் செடி: நாற்றைத் தேடி வாங்க வேண்டும்.

தண்ணீர்
இரண்டுமே வேர் பிடித்தபின் வறட்சி தாங்கும். இதில் பெரிய வித்தியாசமில்லை.

பராமரிப்பு
உண்ணி: வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். பழத்தைத் தின்னும் பறவைகள் விதையை எங்கெங்கோ கொண்டுபோய்ப் போடும். இலை ஆடுமாடுகளுக்கு நஞ்சு.
மண்ணின் செடி: முதல் வருடம் மெதுவாக வளரும், பொறுமை வேண்டும். அப்புறம் கவாத்து மட்டும்தான்.

பூச்சியும் பறவையும்
உண்ணிப் பூவில் பட்டாம்பூச்சி மொய்க்கிறதே என்பார்கள். மொய்க்கும்தான், தேன் குடிக்க. ஆனால் பல இனங்களின் புழுக்களுக்குக் குறிப்பிட்ட இலைதான் வேண்டும். மொனார்க் என்ற பட்டாம்பூச்சியின் புழு எருக்கின் உறவுச் செடிகளைத்தான் தின்னும். அந்தச் செடி இல்லையென்றால் அடுத்த தலைமுறையே இல்லை. குஞ்சுகளுக்கு ஊட்டப் பல பறவைகள் தேடுவதும் புழுவைத்தான். இலையோரம் கடிபட்டிருந்தால் மருந்தைத் தூக்காதீர்கள், தோட்டம் வேலை செய்கிறது.

நிரந்தர வேலிக்கு மண்ணின் செடிதான், யோசிக்கவே வேண்டாம். அது வளரும்வரை நிறம் வேண்டுமா? அயல்செடி எல்லாமே ஆக்கிரமிப்பதில்லை. துலுக்கச் சாமந்தி போல ஒரு பருவத்தில் பூத்து ஓய்வதை இடையில் போடலாம். உண்ணி ஏற்கெனவே இருந்தால், பழுக்குமுன் வேரோடு எடுத்துவிடுங்கள்.