சபைப் பள்ளியில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்த அனுபவம்

தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டுப் பக்கம் வந்தால் ஊருக்கு ஊர் ஒரு கோயிலும் (சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) அதை ஒட்டி ஒரு தொடக்கப் பள்ளியும் இருப்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் மிஷனரிகள் காலத்தில் ஆரம்பித்தவை. இப்போது அரசு உதவி பெறுபவை. அப்படி ஒரு பள்ளியில் என் மகள் 2016இல் ஒண்ணாப்பு சேர்ந்து அஞ்சாப்பு வரை படித்தாள். மகன் 2019இல் சேர்ந்து 2024 ஏப்ரலில் முடித்தான். குறையும் சொல்லப்போவதால் பள்ளியின் பெயர் வேண்டாம்.

தமிழ் வழி என்பதால் கட்டணம் கிடையாது. புத்தகம், சீருடை, மதியச் சாப்பாடு எல்லாம் அரசுப் பள்ளியில் கிடைப்பது போலவே. ஆசிரியர் சம்பளம் அரசு தருகிறது. ஆனால் யாரை வேலைக்கு எடுப்பது, எப்போது ஓடு மாற்றுவது, கழிப்பறையை யார் கழுவுவது என்பதெல்லாம் பள்ளியை நடத்தும் சபை நிர்வாகத்தின் பாடு. இந்த இரட்டை ஏற்பாட்டைத் தெரிந்துகொண்டால் இந்தப் பள்ளிகளின் நல்லதும் கெட்டதும் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிடும்.

பலம் என்றால் வாசிப்புதான். ரெண்டாப்பு டீச்சர் தினமும் நாலைந்து பிள்ளைகளை மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தி, விரலை வார்த்தைக்கு அடியில் வைத்து வாசிக்கச் சொல்வார். வாய் ஒரு வார்த்தையிலும் விரல் வேறொரு வார்த்தையிலும் இருந்தால் பிள்ளை மனப்பாடமாக ஒப்பிக்கிறது என்று பிடித்துவிடுவார். உடனே அதே பக்கத்தைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசிக்க வேண்டும். அங்கே ஒப்பித்தல் செல்லாது. அப்புறம் சொல்வதை எழுதுதல். எங்கள் பக்கத்துப் பேச்சில் வாழைப்பழம் 'வாளப்பளம்'தான். அதனால் காதை நம்பி எழுத முடியாத வார்த்தைகளாகப் பொறுக்கிப் போடுவார். தப்பானதை மறுநாள் பார்க்காமல் சரியாக எழுதிக் காட்டும் வரை விடமாட்டார். மகள் மூணாப்பு வருவதற்குள் தினத்தந்தியை எடுத்துத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். வேனில் டவுன் பள்ளிக்குப் போன அவள் வயதுப் பிள்ளைகள் ஆங்கில ரைம்ஸ் நன்றாகச் சொன்னார்கள். ஆனால் பஸ் போர்டைத் தமிழில் வாசிக்கத் திணறினார்கள்.

மகன் கதை வேறு. ஒண்ணாப்பு முடிகிற சமயத்தில் கொரோனா. ரெண்டாப்பு முழுக்க வீட்டில். கல்வித் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டால் அவன் பாட்டுக்கு விளையாடப் போய்விடுவான். 2021 நவம்பர் 1ஆம் தேதி பள்ளி திறந்தபோது அவன் மூணாப்பு, உயிரெழுத்தைத் தாண்டவில்லை. வகுப்பில் பலர் நிலைமை அதேதான். பெரிய டீச்சர் (தலைமையாசிரியை) மூணாப்புப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளைகளை வகுப்புப்படி இல்லாமல் எழுத்து தெரிந்தவர், வார்த்தை தெரிந்தவர், வாக்கியம் வாசிப்பவர் என்று மூன்றாகப் பிரித்து வராந்தாவில் உட்காரவைத்தார். ஒரு வரிசையில் தேறினால் அடுத்த வரிசைக்குப் போகலாம். சாயங்காலம் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலரும் கைகொடுத்தார். மறு ஆண்டு, 2022 ஜூனில், அரசு 'எண்ணும் எழுத்தும்' என்று இதே மாதிரி நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆனால் அது முதல் மூன்று வகுப்புகளுக்குத்தான் என்றார்கள், மகன் நாலாப்புக்குப் போயிருந்தான். அந்த டீச்சர் அப்போதே அப்படிச் செய்யாமல் போயிருந்தால் அவன் கதி என்ன என்று யோசித்தாலே பயமாக இருக்கிறது.

சரி, குறைகள். முதல் குறை ஆள் இல்லாதது. ஒரு டீச்சர் ஓய்வுபெற்றால் அந்த இடம் எப்போது நிரம்பும் என்று யாருக்கும் தெரியாது. நிர்வாகம் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கல்வித் துறை ஒப்புதல் தர வேண்டும். இடையில் நிர்வாகத்துக்குள் தேர்தல், வழக்கு என்று ஏதாவது வந்தால் கோப்பு தூங்கும். மகன் நாலாப்பில் இருந்தபோது மூன்று, நான்கு, ஐந்து மூன்றையும் ஒரே டீச்சர் பார்த்தார். நிர்வாகமே குறைந்த சம்பளத்தில் ஒரு பெண்ணை வைத்தது. பாவம், அவர் வேறு வேலை கிடைத்ததும் போய்விட்டார். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் இன்னொரு சிக்கல். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். ஆக, ஒவ்வொரு வேனும் ஊருக்குள் வரும்போது ஒரு டீச்சர் இடமும் ஆட்டம் காண்கிறது.

இரண்டாவது ஆங்கிலம். எழுத்து அழகாக வரும், வாசிக்கவும் செய்வார்கள். சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் முழிப்பார்கள். ஆறாப்பில் மகள் அதற்காகச் சிரமப்பட்டாள். ஆனால் அறிவியல், சமூக அறிவியல் பாடங்களைத் தானே வாசித்துப் புரிந்துகொண்டாள். கணக்கு பரவாயில்லை, வாய்ப்பாடு தூக்கத்தில் கேட்டாலும் வரும், பின்னம்தான் பலவீனம்.

மூன்றாவது பணம். ஆண்டுவிழா, கட்டட நிதி என்று ரசீது இல்லாமல் வாங்குவார்கள். தொகை பெரிதல்ல, முறை பிடிக்கவில்லை.

நாங்கள் இந்துக்கள். மதம் மாற்றிவிட மாட்டார்களா என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். காலையில் ஜெபம் உண்டு, வேதபாட வகுப்பு தனி. அரசியல் சட்டம் 28(3) பிரிவின்படி அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத போதனையில் உட்காரவைக்க முடியாது. எங்களிடம் கேட்டார்கள், இருக்கட்டும் என்றோம். மகனுக்கு 23ஆம் சங்கீதமும் தெரியும், கந்தசஷ்டிக் கவசமும் தெரியும். கிறிஸ்துமஸ் விழாவில் மேய்ப்பன் வேஷம் கட்டியதிலிருந்து மேடைக் கூச்சம் போய்விட்டது.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று பள்ளியின் தப்பே அல்ல. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்தது. பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிப் பிள்ளைகள் சூடாக உப்புமா, பொங்கல் சாப்பிட, அதே தெருப் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கு வெறும் வயிற்றோடு வந்தார்கள். கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு அது 2024 ஜூலை 15இல்தான் கிடைத்தது.

சேர்க்க யோசிப்பவர்களுக்கு: கட்டடத்தைப் பார்க்காதீர்கள். நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், அதில் யாருக்கு ஓய்வு நெருங்குகிறது என்று விசாரியுங்கள். மூணாப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, நீங்களே ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்துக்கு வீட்டில் தினம் அரை மணி நேரம் ஒதுக்க முடியாதென்றால் வேறு பள்ளி பாருங்கள். என் தங்கை மகளை இந்த ஜூனில் அங்கேதான் சேர்த்திருக்கிறோம். பெரிய டீச்சருக்கு இன்னும் நான்கு வருடம் சர்வீஸ் இருக்கிறது.