வேலையை வைத்துக்கொண்டு மாறுவதா, விட்டுவிட்டு மாறுவதா, நடுவில் ஒரு வேலை பார்ப்பதா?

மதுரையில் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பலரிடம், பிடித்த தொழிலுக்கு மாறும் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது, வீட்டுக்கடன் தவணையும் போகிறது, ஆனால் மனசு வேலையில் இல்லை. ஒருவருக்கு வகுப்பெடுக்க ஆசை, இன்னொருவருக்குத் தோட்டம், மற்றொருவருக்குக் கைத்தொழில். சொந்தக்காரர்களைக் கேட்டால் "இருக்கிற வேலையை விட்டுடாதீங்க" என்பார்கள், நண்பர்களைக் கேட்டால் "துணிஞ்சு இறங்குங்க" என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் நான் ஆதரிக்கிறேன். ஏன் என்று சொல்ல மற்ற இரண்டையும் நியாயமாகப் பார்த்தாக வேண்டும்.

முதலில், வேலையை விடாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து பார்ப்பது. எனக்குத் தெரிந்த ஒரு பெண், தனியார் நிறுவனத்தில் கணக்கு பார்ப்பவர், விடுமுறை நாட்களில் மதுரைச் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடக் கற்கிறார். சொல்லித்தருபவர் தலைமுறையாக இந்தத் தொழிலில் இருக்கும் ஒரு சௌராஷ்டிர அக்கா. துணியை நக நுனியில் கிள்ளி எடுத்து, நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டு, அடுத்ததற்கு நகர வேண்டும். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கிக் காயவைத்துப் பிரித்தால் கட்டிய இடமெல்லாம் சாயம் ஏறாத புள்ளிகளாக விரியும். அதைப் பார்க்கும்போது அவர் முகத்தில் வரும் நிறைவு உண்மையானது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காட்டுவது அவ்வளவுதான். சாயம் கசிந்துபோன சேலையை என்ன செய்வது, கடைக்காரர் கடனுக்கு எடுத்துப்போன சரக்குக்குப் பணம் எப்போது வரும், மெழுகு அச்சில் போட்ட சேலை பக்கத்துக் கடையிலேயே மலிவாகத் தொங்கும்போது கைமுடிச்சுக்கு உரிய விலையை யார் தருவார்கள், இதெல்லாம் வாரநாளில்தான் தெரியும். 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்த சேலைதான், இருந்தும் முடிச்சுக் கட்டும் கூலியை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. காசு இருப்பது வடிவமைப்பிலும் விற்பனையிலும். ஆகவே வார இறுதி முயற்சியை, கை வருகிறதா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. வயிற்றுப்பாட்டுக்கு ஆகுமா என்பதை அது சொல்லாது.

இதிலேயே இரண்டு எச்சரிக்கை. தனியார் நிறுவனங்களின் பணி நியமன ஆணையில் வேறு தொழில் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும், எடுத்துப் படித்துவிடுங்கள். தமிழக அரசு ஊழியர்களுக்கு 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இருக்கின்றன, அனுமதி இல்லாமல் வியாபாரம் செய்ய முடியாது. இன்னொன்று, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், அது புதிய தொழிலுக்கு மட்டும்தான் கிடைக்கும். தொழிலைத் தொடங்கிவிட்டு விண்ணப்பித்தால் கிடைக்காது. மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் விசாரித்துவிடுங்கள்.

அடுத்தது, முழுசாக விடுவது. சான்றிதழ் கேட்கும் வேலைக்கு இது பல நேரம் தவிர்க்க முடியாதது. பள்ளி ஆசிரியராக வேண்டுமென்றால் பி.எட். இரண்டு ஆண்டு, வகுப்புக்கு நேரில் போக வேண்டும். பிறகு டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு, 150-க்குப் பொதுப்பிரிவினர் 90 எடுக்க வேண்டும். தேறினாலும் பணி நியமனம் தனிக் கதை. தோட்டமும் இப்படித்தான். மல்லி நட்டு ஆறு மாதத்தில் பூக்கத் தொடங்கும், வருமானம் என்று சொல்லும்படி வர இரண்டாம் ஆண்டாகும். பனிக்காலத்தில் விலை உச்சத்துக்குப் போகும், அப்போது செடியில் பூ அதிகம் இருக்காது. கையில் இரண்டு ஆண்டுச் செலவுக்குப் பணமும், வீட்டில் இன்னொரு சம்பளமும் இருப்பவர்கள் தாராளமாக இந்த வழியில் போகலாம். மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். பணம் கரையக் கரைய, பிடித்த வேலையின் மேலேயே கசப்பு வந்துவிடும். ஆசைப்பட்டதை வெறுக்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

இனி நடுவழி. தெரிந்த தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு, விரும்பும் துறைக்குள் சம்பளத்துக்குப் போவது. அந்தக் கணக்குப் பெண் ஒரு சுங்குடி உற்பத்தியாளரிடம் கணக்கு பார்க்கப் போகலாம். விவசாய ஆசை உள்ளவர், விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணக்கராகவோ மேலாளராகவோ சேரலாம். சம்பளம் குறையும், அதை மறைக்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக யாரிடம் துணி வாங்குகிறார்கள், எந்த மாதம் விற்பனை படுக்கிறது, எவர் பணத்தை இழுத்தடிக்கிறார் என்பதெல்லாம் கணக்குப் புத்தகத்திலேயே கண்ணில் படும். அடுத்தவர் போட்ட முதலை வைத்து நாம் தொழில் படிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமையில் கிடைக்காதது இதுதான்.

அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல், 58 வயதில், ஓய்வு பெற்ற பிறகு 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார் என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும். அதற்கு முன்பே அரசுப் பணியில் இருந்தபடி கிராமங்களில் கண் முகாம்கள் நடத்தியவர் அவர். புதிய வேலையின் கஷ்டநஷ்டம் முழுவதையும் பழைய வேலைக்குள்ளேயே பார்த்துவிட்டார். 58 வயதில் அவர் எடுத்த முடிவுக்குப் பின்னால் அந்த முகாம்கள் இருந்தன.

நடுவழிக்குப் போகுமுன் ஆறு மாதம், குறையப்போகும் சம்பளத்திலேயே வீட்டை நடத்திப் பாருங்கள். மிச்சத்தை வங்கியில் தனியாகப் போடுங்கள். தீபாவளி, ஒரு காதுகுத்து, பள்ளிக் கட்டணம் மூன்றும் அந்த ஆறு மாதத்துக்குள் வந்தால்தான் உண்மையான கணக்கு தெரியும். விலகும் தேதியையும் பார்த்து வையுங்கள். ஐந்து ஆண்டு தொடர் பணி முடிந்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 15,000 வீதம் ஐந்தாண்டுக்கு 75,000. நாலரை ஆண்டில் கோபத்தில் ராஜினாமா எழுதினால் அது போச்சு. பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு பணி வேண்டும். ஒன்பதாம் ஆண்டில் இருப்பவர், புது இடத்தில் பி.எஃப். பிடிக்கிறார்களா என்று கேட்டுவிட்டுச் சேர வேண்டும்.

இந்த வழியிலும் ஒரு குறை இருக்கிறது. இடைவேலையே பழகிப்போய், பத்து வருஷம் கழித்தும் அடுத்தவர் கணக்கையே எழுதிக்கொண்டிருக்கும் ஆபத்து. அதனால் அந்தக் கணக்குப் பெண்ணிடம், வீட்டாரோடு உட்கார்ந்து ஒரு கெடு வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். இன்னும் இரண்டு சித்திரைத் திருவிழா போவதற்குள் தன் பெயரில் நிரந்தரமாகச் சேலை எடுக்கும் மூன்று கடைகளாவது அவருக்கு அமைய வேண்டும். அமைந்தால் தனியாகத் தொடங்கட்டும். அமையாவிட்டால் மதுரையில் கணக்கு வேலைக்குப் பஞ்சமில்லை, முடிச்சுப் போடும் ஞாயிற்றுக்கிழமையும் எங்கும் போய்விடாது.